கோடு போடாமல் போனவன்

அவன் ஒரு துரோகி. முதலில் இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்க, மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம். வாசலிலேயே நிற்காதீங்க, உள்ளே வாங்க. அந்த நாற்காலி ஒரு பக்கம் ஆடும், சுவரோடு ஒட்டிப் போட்டு உட்காருங்க. மாப்பிள்ளைப் பையன் எப்படி, குடும்பம் எப்படி என்று அக்கம்பக்கத்தில் நாலு பேரைக் கேட்டுத்தானே பொண்ணு கொடுப்பார்கள்? கேட்கணும். கேட்காமல் கொடுத்துவிட்டு அப்புறம் மூக்கைச் சிந்தக் கூடாது. போன மாசம் உங்க அக்கா, பொண்ணோட அம்மா, வந்திருந்தார்கள். அவர்களிடம் சொன்னதைத்தான் உங்களிடமும் சொல்வேன். பொண்ணுக்குத் தாய்மாமன் நீங்க, நேரில் கேட்டுத் தெளிவோம் என்று வந்தது சரிதான். இந்த வேலாத்தாள் ஆளுக்கொரு பேச்சுப் பேச மாட்டாள்.

குடிக்கிறானா? இல்லை. சீட்டாடுகிறானா? அதுவும் இல்லை. பொம்பளை சகவாசமா? அந்தக் கழுதைக்கு அதற்கெல்லாம் ஏதுங்க சாமர்த்தியம்? எதிரில் ஒரு பொண்ணு வந்தால் வேலி ஓரமாக ஒதுங்கி, முள் குத்திக்கொண்டு நடப்பான். அப்படி ஏதாவது செய்கிறவனாக இருந்தால்கூடப் பரவாயில்லை, கல்யாணம் பண்ணி வைத்தால் திருந்திவிடுவான் என்று நானே சொல்லியிருப்பேன். இவன் செய்தது அந்த வகையில் சேராது. இவன் என் காளைகளின் படத்தை அழித்தவன்.

சிரிக்காதீங்க. முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்க.

என் வீட்டுக்காரர் போனபோது கட்டுத்தறியில் நின்றது ஒரே ஒரு கிழட்டு மாடு. அதிலிருந்து எழுந்தவள் நான். கன்றாக வாங்கி, தவிடும் புண்ணாக்கும் போட்டுக் காளையாக்கி விற்கிறேன். தூரத்தில் ஒரு மாடு நடந்து வந்தால் வாயைத் திறந்து பார்க்காமலே அதற்கு எத்தனை பல், என்ன வயசு என்று சொல்வேன். ஆனால் சந்தைக்குள் போய்விட்டால் நான் ஒன்றுமில்லை. ஏன் தெரியுமா? மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். விற்கிறவன் பக்கத்துத் தரகனும் வாங்குகிறவனும் துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். வெளியே நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. இதில் பொம்பளையின் கையை எவன் பிடிப்பான்? ஒருதரம் ஆத்திரம் தாங்காமல் நானே துண்டுக்குள் கையை நீட்டினேன். எதிரே இருந்தவன் சுடுதண்ணி பட்ட மாதிரி கையை உருவிக்கொண்டான். “அக்கா கையப் புடிச்சன்னு தெரிஞ்சா ஊட்டுல வெளக்கமாத்தாலயே சாத்துவாளுங்க” என்றான். சந்தையே சிரித்தது.

அதனால் எனக்குக் கையாக இருந்தவன் மாரப்பன் தரகன். என் மாடு, என் கயிறு, என் தவிடு. விலை மட்டும் எனக்குத் தெரியாது. அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “முடிஞ்சுது புள்ள, கயித்த மாத்து” என்பான். நான் என் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, மாட்டை வாங்கினவன் கயிற்றுக்கு மாற்றிக் கொடுக்கணும். மாட்டுக்கு என்ன விலை வந்தது என்று மாட்டைக் கேட்டால்தான் தெரியும்.

இப்படி இருக்கும்போதுதான் பக்கத்து வீட்டு இந்தப் பையன், படிப்பை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் கொய்யா மரத்தடியில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், என்னிடம் வந்தான். “பெரியம்மா, உங்களுக்கு இணையத்துல ஒரு கடை போட்டுத் தரட்டுமா? வாங்கறவங்க உங்ககிட்டயே நேரா பேசுவாங்க” என்றான்.

“தரகன் வேண்டாமா?”

“வேண்டாமுங்க.”

“துண்டு?”

“அது எதுக்குங்க?”

அந்த ஒரு வார்த்தைக்காகவே அவனுக்குக் கோயில் கட்டியிருப்பேன். ஆனால் அதை முகத்தில் காட்டிக்கொள்வேனா? கூலியாக அவன் அம்மா கறவை மாடு கேட்டாள். இழுத்து இழுத்துக் கிடாரிக் கன்றில் கொண்டு வந்து நிறுத்தினேன். கயிறு அவர்களுடையது.

கட்டிக் கொடுத்தான். அதை நான் மறுக்கவில்லை. எல்லாவற்றையும் அடியிலிருந்து கட்ட வேண்டியதில்லையாம், பிரேம்வொர்க் என்று ஒன்று இருக்கிறதாம். பந்தல்காரன் கால் நட்டு வைத்திருப்பான், நாம் ஓலை வேய்ந்தால் போதும் என்கிற மாதிரி. முகப்பில் எல்லாக் காளைக்கும் ஒரு சின்னப் படம். ஒன்றைத் தொட்டால் அந்தக் காளைக்கென்று ஒரு தனிப் பக்கம் விரியும். அதில் பல் தெரிகிற படம், திமில், குளம்பு, அப்புறம் சுழி. சுழிதான் எங்க தொழிலில் உயிர். முடி எந்த இடத்தில் சுழித்திருக்கிறது என்று பார்த்துத்தான் மாட்டைத் தொடுவார்கள். கோபுரச் சுழி இருந்தால் ஓடி வருவான். பாடைச் சுழி என்றால் சும்மா கொடுத்தாலும் ஓட்டிக்கொண்டு போக மாட்டான். ஒவ்வொரு சுழியையும் கிட்டத்தில் வைத்துப் படம் பிடித்துப் போட்டோம். மாடு அசையாமல் நிற்க நான் கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தேன்.

என் வாயால் நான் விலை சொன்ன முதல் நாளை எப்படிச் சொல்வது? அந்தியூர்ப் பக்கத்து ஆள். போனில் அவன் ஒன்று சொல்கிறான், நான் ஒன்று சொல்கிறேன். அவன் இறங்கச் சொல்கிறான், நான் ஏறுகிறேன். கடைசியில் “அம்மிணி, உங்களோட முடியாதுங்க” என்று சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டான். பேசி முடித்து, தொழுவத்தில் தனியாக நின்று அந்த விலையைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். காளை திரும்பிப் பார்த்தது.

சரி, கதைக்கு வருகிறேன். அவனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது, போய்விட்டான். ஆடிப் பதினெட்டுக்கு ஊருக்கு வந்தான். எனக்கு ரொம்ப நாளாக ஒரு குறை. கடையில் காளையின் பக்கத்தைத் திறந்தால் மேலே முகவரி வருகிறது பாருங்க, அதில் மாட்டுப் பேர் மட்டும்தான் இருந்தது, சாமி பேர் இல்லை. நீங்க கல்யாணப் பத்திரிகை அடித்தால் மேலே குலதெய்வம் பேர் இல்லாமல் அடிப்பீங்களா? மாட்டேன் என்கிறீங்க. அப்புறம்? ஒவ்வொரு காளைக்கு முன்னாலும் பொன்காளியம்மன் பேர் வரணும் என்றேன். நல்ல நாள், இன்றைக்கே போடு என்றேன்.

அவன் தோளில் பையோடு பஸ்ஸுக்குக் கிளம்பி நிற்கிறான். “பெரியம்மா, பக்கத்தோட முகவரிய மாத்துனா உள்ள இருக்கறதெல்லாம் ஒருக்கா பாக்கோணும். அங்க போயி உக்காந்து நிதானமாப் பண்றேன்” என்றான்.

“ஆத்தா பேரப் போடறதுக்கு நாள் தள்ளுவியா நீ?”

“தள்ளல பெரியம்மா. படமெல்லாம்...”

“படம் பாட்டுக்கு இருக்குது. பேரப் போடு.”

அவன் அம்மா ஒரு பக்கம் பஸ் போய்விடும் என்று கத்துகிறாள். நான் பையின் வாரைப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை. அவன் மதில் சுவர் மேலே கம்ப்யூட்டரை வைத்து நின்றபடியே தட்டினான். “போட்டாச்சு. மிச்சத்தப் போயிப் பாத்துட்டுக் கூப்புடறேன், எடுங்க” என்று சொல்லிவிட்டு ஓடினான். பார்த்தீங்களா, ஓடினான். நேர்மையானவன் எதற்கு ஓடணும்?

அடுத்த வாரத்திலிருந்து ஆரம்பித்தது. ஒருத்தன் கூப்பிட்டு, “மயிலைக் காளைக்குச் சுழிப் படம் வரலீங்களே” என்கிறான். மயிலை என்றால் சாம்பல் நிறக் காளை, என் தொழுவத்துக்கே அதுதான் ராஜா. நான் சிரித்துக்கொண்டேன். சந்தையில் இது பழைய தந்திரம். மாடு பிடித்துவிட்டால் வாங்குகிறவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ‘சுழி தெளிவாத் தெரியலையே’ என்பான். விலையை அடிக்கப் போகிறான் என்று அர்த்தம். நான் எத்தனை பேரைப் பார்த்தவள்! “தெரியலைன்னா கண்ணாஸ்பத்திரிக்குப் போங்க” என்று வைத்துவிட்டேன். இன்னொருத்தன் கூப்பிட்டான், அவனும் இதே பாட்டு. எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு என்னை இறக்கப் பார்க்கிறார்கள் என்று விலையை ஏற்றிச் சொன்னேன். சந்தேகத்துக்கு என் போனை எடுத்துப் பார்த்தேன். முகப்பில் அத்தனை காளையும் ஜம்மென்று நிற்கிறது. பொய்யன்கள் என்று முடிவு பண்ணினேன்.

கடைசியில் தாராபுரத்து ஆள் ஒருத்தர் நேரிலேயே வந்து, தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். “நீங்களே பாருங்க அக்கா. படமில்லாத மாட்டை நான் எப்படி வாங்கறது?” காளையின் பக்கத்தில் வரிசையாக வெறும் கட்டம். மூலையில் கிழிந்த காகிதம் மாதிரி ஒரு சின்ன அடையாளம். என் போனில் காளையைத் தொட்டு உள்ளே போனேன். அங்கேயும் கட்டம். சிவப்புச் செவலை, கறுப்புக் காரி, மயிலை, எல்லாவற்றுக்கும் கட்டம். வீட்டு முகப்பில் வெள்ளையடித்துவிட்டு உள்ளே அத்தனை அறையையும் சுரண்டி எடுத்த மாதிரி.

வாட்ஸப்பில் அனுப்பலாமே என்கிறீங்களா? அனுப்பினேன். கடையில் காட்டாத சுழியைத் தனியாக அனுப்புகிறாளே, இது அதே மாடுதானா என்கிறான். ஒருதரம் சந்தேகம் விழுந்துவிட்டால் அப்புறம் லட்சுமி சுழியே இருந்தாலும் பாடைச் சுழியாகத்தான் தெரியும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆடிப் பதினெட்டு காலையில் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் இவனும் மாரப்பனும் பக்கத்துப் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சிரித்துக்கொண்டு. நான் கண்ணால் பார்த்தேன். அந்த டீக்கடையில் ஊரே நின்று குடிக்கும், அது வேறு. ஆனால் சிரிப்பு? தரகனுக்கும் கம்ப்யூட்டர்காரனுக்கும் என்னங்க சிரிப்பு? என் கடை போனால் யாருக்கு லாபம்? நான் மறுபடியும் எவன் துண்டுக்குப் போகணும்? நீங்களே கூட்டிப் பாருங்க.

போன் போட்டேன். எடுத்தான். “பெரியம்மா, அது வந்து...” என்று ஆரம்பித்தான். வந்ததும் போனதும் எனக்குத் தெரியும் என்று, கேட்கக் கூடாததெல்லாம் கேட்டேன், இனி என் கடையில் விரலே வைக்கக் கூடாது என்றேன். மூச்சு வாங்கின இடத்தில் அவன் மறுபடி “அந்தப் படத்தோட வழி...” என்றான். வழி சொல்கிறானாம் எனக்கு! வைத்தேன். கடைவீதி செல்போன் கடைக்காரரிடம் கொடுத்து, அவன் நம்பர் இனி என் போனுக்குள் வராதபடி அடைத்துவிட்டேன். அன்றையிலிருந்து இன்று வரைக்கும் அவனிடமிருந்து ஒரு போன் உண்டா? இல்லை. தப்புச் செய்யாதவன் என்றால் கூப்பிட மாட்டானா? திமிரைப் பாருங்க. அவன் அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னமோ சொல்ல வந்தாள். நான் தவிட்டுக் குண்டாவை வேண்டுமென்றே கடகடவென்று உருட்டினேன். போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் உங்க அக்கா வந்தார்கள். ‘பக்கத்து வீட்டுப் பையன் எப்படிங்க?’ என்று. ஆத்தாவே அனுப்பி வைத்த மாதிரி இருந்தது. காப்பி வைத்துக் கொடுத்து உட்கார வைத்துச் சொன்னேன். நம்பினவர்களை நடுவழியில் விடுகிறவன் என்றேன். எவன் எதைக் கொடுத்தாலும் விலைபோவான் என்றேன். உங்க பொண்ணு படத்தையும் ஒருநாள் சுவரிலிருந்து கழற்றிவிடுவான் என்றேன். அந்த அம்மா பாதிக் காப்பியை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள். அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன்.

இப்போது தேர் நோன்பிச் சந்தை வருகிறது, ஆத்தா கோயில் தேர்த் திருவிழாவோடு கூடுகிற மாட்டுச் சந்தை. என் மயிலைக்கு இதுதான் சரியான வயது. மைசூர்ப் பக்கத்து ஆள் ஒருத்தர் சுழி பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று காத்திருக்கிறார். அவருக்குப் படம் வரவில்லை என்றால் காளையைச் சந்தைக்கு ஓட்டணும், மாரப்பனிடம் கொடுக்கணும். நேற்றே வாசலில் வந்து நின்றான். “ஏம்புள்ள வேலாத்தா, இன்டர்நெட்டுல மாட்டுக்குக் கொம்பு மொளச்சுதா? துண்டத் தொவச்சு வெச்சுருக்கறன்” என்றான். எச்சிலைத் துப்பிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

என்ன கேட்கிறீங்க? போனா? எதற்கு? நீங்க என்ன வேலைங்க? அட, நீங்களும் அதே வேலையா? சொல்லவே இல்லையே. இந்தாங்க, பாருங்க. நீங்களே பார்த்தால் என் பேச்சில் பொய் இல்லை என்று தெரியும்.

ம். முகப்பில் வருகிறது, ஆமாம். மயிலையைத் தொடுங்க. வெறும் கட்டம், பார்த்தீங்களா? எதற்கு அதை விரலால் அழுத்திப் பிடிக்கிறீங்க? படத்தின் முகவரியா? படத்துக்குத் தனியாக முகவரி உண்டா? படியுங்க. ‘பொன்காளியம்மன், சாய்கோடு, படங்கள், சாய்கோடு, மயிலை.’ சரியாகத்தானே இருக்கிறது? ஆத்தா பேர் முன்னால், காளை பேர் பின்னால்.

ஏய், ஏய், என்ன பண்றீங்க? ஆத்தா பேரை எதற்கு அழிக்கிறீங்க?

ஆ.

மயிலை! அதே சுழி. நெற்றிக்கு மேலே, நான் சொன்னேனே, கோபுரம். இவ்வளவு நாள் இங்கேயேவா இருந்தது? அழிக்கவே இல்லையா?

இருங்க, இருங்க, மெதுவாகச் சொல்லுங்க. படமெல்லாம் பழைய இடத்திலேயே இருக்கிறது. பக்கம் மட்டும் ஆத்தா பேருக்குக் கீழே போய்விட்டது. படம் எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் எழுதியிருப்பது, நிற்கிற இடத்திலிருந்து சொல்கிற வழி. ஓ, அப்படியா. சந்தையில் ‘இங்கிருந்து எடதுபக்கம் ரெண்டாவது கொட்டாய்’ என்று ஒருத்தனுக்கு வழி சொன்னால், அவன் அந்த இடத்திலேயே நிற்கிற வரைக்கும் சரி. அவனைக் கோயிலுக்குள்ளே கொண்டுபோய் நிறுத்திவிட்டு அதே வழியைச் சொன்னால் ஆத்தா சன்னதியைச் சுற்றிக்கொண்டுதான் கிடப்பான். ‘சந்தை வாசலிலிருந்து’ என்று சொல்லணும். அப்படிச் சொன்னால் எங்கே நிற்கிறவனும் வந்து சேருவான். முகப்பு வாசலிலேயே இருப்பதால் அங்கே மட்டும் வழி தவறவில்லை. நல்லாச் சொன்னீங்க. நானாகச் சொன்னதா? சரி, நானாகத்தான் சொன்னேன்.

வாசலிலிருந்து என்று சொல்ல என்ன செய்யணும்? முன்னால் ஒரு சாய்கோடா? ஒரே ஒரு கோடா?

ஒரு கோட்டுக்காகவா நான் தாராபுரத்துக்காரரிடம் தலையைக் குனிந்து நின்றேன்? பிரேம்வொர்க்கிலேயே அதற்கு வழி இருக்கிறதா, அதைக் கேட்டால் அதுவே எந்தப் பக்கத்துக்கும் சரியான முகவரி போட்டுக் கொடுக்குமா? அப்படி இருந்துமா இவன் செய்யவில்லை?

என்னைப் பார்க்காதீங்க அப்படி. ஆத்தா பேரைப் போடச் சொன்னது நான்தான், யார் இல்லை என்றார்கள்? போட்டது யார்? அவன் விரல்தானே தட்டியது? போய்ப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றானே, கூப்பிட்டானா? அடைத்துவைத்தது நான்தான். அதனால் என்ன? மனசு இருந்தால் வேறு நம்பரிலிருந்து கூப்பிடுவான். சரி, மாரப்பனோடு சிரித்தது... அது வேண்டுமானால் சும்மா சிரித்ததாக இருக்கட்டும். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், இருக்கட்டும்.

அவனிடம் கடவுச்சொல் வாங்கினால் நீங்களே இப்போது போட்டுத் தருவீங்களா? வேண்டாம். கை வைக்காதீங்க. நீங்க விருந்தாளி, உங்க கையால் செய்துவிட்டால் அவன் தப்பித்துவிடுவான். கட்டினவன்தான் வரணும்.

என்ன, போட்டுவிட்டீங்களா? அடிக்கிறதா? உங்க போனிலிருந்தா? எடுத்துவிட்டானா? கொடுங்க இப்படி.

டேய். ஆமா, நான்தான். பெரியம்மாதான். பேசாத, நான் பேசி முடிக்கறேன். உனக்குப் பாத்திருக்கற பொண்ணோட தாய்மாமன் இங்கதான் எம்பட நாற்காலியில உக்காந்திருக்காரு. நல்லவரு. அவரு உன்னயப் பத்திக் கேக்கறாரு, நான் இன்னும் முடிவாச் சொல்லல. என்னது? நீ அப்பவே சொன்னயா? சொன்னா என்னடா, பையப் புடிச்சா நின்னுர வேண்டியதுதான? ஒரு பஸ் போனா இன்னொரு பஸ் வராதா? எத்தன பஸ்ஸுடா ஓடுது அந்த ரோட்டுல! அழறயா? அழாத, எனக்கு அழறவனப் புடிக்காது. கேளு. அங்கிருந்தே போடறேன்னு சொல்லாத, அந்தப் பேச்சே வேண்டாம். நீ இங்க வரோணும். எம்பட கண்ணு முன்னால, அதே மதில் மேல பொட்டிய வெச்சு, செவலைக்கும் காரிக்கும் மயிலைக்கும் ஒண்ணொண்ணாத் தொறந்து காட்டோணும். அந்தக் கோட்ட நீதான் போடோணும். அப்பறந்தான் உன்னப் பத்தி நான் நல்ல வார்த்த சொல்றதா வேண்டாமான்னு பேசலாம். இந்தச் சனிக்கெழம. தேர் நகர்றதுக்கு முன்னால. லீவு கெடக்கலியா? அது உம்பட கவல. வா. வந்து கோட்டப் போடு.